மெதெரின் இரண்டு மணிச் செய்தி

ஹலோ... ஹலோ, அண்ணி? ஜீபெக் அண்ணிதானே?... நான் எர்மெக் பேசறேன்... எர்மெக், அண்ணி, ஆத்துக் கண்காணிப்பு ஆபீஸ்லேர்ந்து. மெதெர் அண்ணனுக்குப் பக்கத்து மேசை... ஆமா, ஆமா, உங்க கையால பொரிச்ச போர்சோக் பலகாரம் தின்னே தொப்பை வச்சவன். அவனேதான்.

... இல்ல இல்ல, சனிக்கிழமை அண்ணனோட முதல் வருஷ நினைவு விருந்துக்குக் கண்டிப்பா வரேன். இப்ப அதுக்குப் போன் பண்ணல. அடுப்புல எண்ணெய் காயுதா? சத்தம் கேக்குது. முதல்ல அதை அணைச்சுட்டு வாங்க... அணைங்களேன், சொல்றேன்.

... ம். அணைச்சாச்சா? மணி ஒண்ணு இருபத்தஞ்சு. சரி. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணனோட லேப்டாப் எங்க இருக்கு?

... அவர் ரூம்லயா... திறந்தபடியேவா? வயர் சொருகியா?

... ஆண்டவனே.

... திட்டல அண்ணி, நான் எதுக்கு உங்களைத் திட்டப்போறேன்? வருஷம் முடியற வரைக்கும் அவர் பொருளை இடம் மாத்தக்கூடாதுன்னு வச்சிருக்கீங்க. தெரியும். எங்க அம்மாவும் அப்பாவோட பூட்ஸை வாசல்லயே விட்டு வச்சிருந்தாங்க. இங்க மட்டும் என்ன, அவர் நாற்காலியில இன்னும் ஒருத்தரும் உக்காரல.

சீக்கிரமா சொல்லிடறேன், கேளுங்க. எங்க சர்வர்ல பழைய ஃபோல்டருங்க மலையாக் குவிஞ்சு கிடக்கு. ஒவ்வொண்ணுலயும் தானா ஓடற வேலைங்க, ஆத்து அளவைப் பாத்து ஊருக்கு மெசேஜ் அனுப்பறது. எது பழசு எது புதுசுன்னு எவனுக்கும் தெரியல. அதனால, ஒரு வருஷமா யாரும் தொடாத ஃபோல்டரையெல்லாம் தூக்குன்னு மேலேர்ந்து உத்தரவு. நான் கையால ஒவ்வொண்ணா அழிக்கல, ஏபிஐ வழியா... அதாவது, என் ப்ரோகிராம் போய் சர்வர்கிட்ட 'இதைத் தூக்கு'ன்னு சொல்லும், அது தூக்கிட்டு 'போச்சு'ன்னு பதில் குடுக்கும். நாப்பத்தோரு ஃபோல்டர், அண்ணி. நாப்பது போச்சு. ஒண்ணு மட்டும் திரும்பி வந்துச்சு.

... ஆமா. 'மெதெர்'னு பேர் போட்டது.

... திங்கக்கிழமை காலையில அழிச்சேன். மத்தியானம் பாத்தா இருக்கு. நான்தான் சரியா அழிக்கலபோலன்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை திரும்ப அழிச்சேன், போச்சுன்னு பதிலும் வந்துச்சு, என் ரெண்டு கண்ணால பாத்தேன். டீ குடிச்சுட்டு ரெண்டு மணிக்கு வந்து உக்காந்தா... இருக்கு. அதே பேர். கூட்டிப் பெருக்கற பாத்மா அக்கா, கெட்டது எதுவோ வந்துடுச்சுன்னு ஆர்ச்சா மரத்துக் கொப்பைக் கொளுத்தி சர்வர் ரூம் பூரா புகை போட்டுட்டாங்க... சிரிக்காதீங்க! தீ அலாரம் அடிச்சு மொத்த ஆபீஸும் ரோட்டுல நின்னுச்சு. அவ்வளவு புகை போட்டும், நேத்து திரும்ப அழிச்சப்பவும் ரெண்டு மணிக்கு வந்துடுச்சு.

... இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன், எங்கேர்ந்து வருதுன்னு. உங்க வீட்டுலேர்ந்து வருது. அண்ணன் எழுதி வச்ச ப்ரோகிராம். தினம் ரெண்டு மணிக்கு அந்த லேப்டாப் எட்டிப் பாக்கும். ஃபோல்டர் இல்லேன்னா புதுசா உண்டாக்கும், ஊருக்கு மெசேஜ் அனுப்பும்.

... உங்களுக்கும் வருதா? தினமுமா?... நேத்து வந்ததைப் படிங்க பாப்போம்... 'தண்ணி அமைதியா இருக்கு. ஆட்டை ஆத்துக்கு இறக்கலாம். மெதெர்.'... ஒரு வருஷமா இதேதானா?

... ம்... ம்... அது வந்த பிறகுதான் சாப்பிட உக்காருவீங்களா... அண்ணி... புரியுது. எனக்குப் புரியுது.

ஆனா அது பாக்கற மீட்டர் எது தெரியுமா? உங்க ஊருக்குக் கீழ இருந்த பழைய மீட்டர். அதைச் சரி பண்ணப் போனப்பதானே அண்ணன்... ஆமா. அன்னிக்கு வந்த வெள்ளம் அவரோட சேத்து அந்த மீட்டரையும் கொண்டுபோயிடுச்சு. போறதுக்கு முன்னாடி அது கடைசியா சொன்ன அளவு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். ஒரு வருஷமா அறுபத்திரண்டுலயே நிக்குது. மழை பெஞ்சாலும் அறுபத்திரண்டு, உறைபனியிலயும் அறுபத்திரண்டு. தினம் ரெண்டு மணிக்கு உங்க ஊருக்கு வரது அவர் போன அன்னிக்கு, வெள்ளத்துக்கு முன்னாடி இருந்த தண்ணி, அண்ணி.

... இந்த வருஷம் ஆறு சாதுவா இருந்துச்சு, அதான் ஒருத்தருக்கும் தெரியல. இன்னிக்கு அப்படி இல்ல. மேல, பனி ஏரி கரையை உடைச்சுக்கிட்டு இறங்கிட்டிருக்கு. மேல் பாலத்துப் புது மீட்டர்ல ஒரு மணி நேரத்துல ஒண்ணரை மீட்டர் ஏறிடுச்சு. ரெண்டே காலுக்கெல்லாம் உங்க ஊர் சாரி-கொய்க்கு வந்துடும்.

... ஜன்னல்ல பாத்தா அமைதியாத்தான் இருக்கும், இன்னும் அங்க வந்து சேரலயே!

... அனுப்பாம இருப்போமா? பன்னெண்டே முக்காலுக்கே வெள்ள எச்சரிக்கை அனுப்பினோம். ஒரு ஈ காக்கா நகரல. ஊர்த் தலைவர் துர்துபெக்குக்கு நானே போன் போட்டேன். 'ரெண்டு மணிக்கு மெதெர் வச்சுட்டுப் போன மிஷின் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்'ங்கறார்... ஆமா, போன மாசம் மூணு தடவ வெள்ளம் வெள்ளம்னு நாங்க கத்தினோம், ஒரு சொட்டு வரல. ஒத்துக்கறேன். உயிரோட இருக்கற எங்களை நம்ப மாட்டேங்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்? இன்னும் அரை மணியில அண்ணன் 'அமைதி'ன்னு சொல்லப்போறார், ஊரே ஆட்டை ஓட்டிக்கிட்டு ஆத்துக்கு இறங்கப்போகுது.

... இங்கேர்ந்து தடுக்கணும்னா அவர் பேர்ல இருக்கற அனுமதியை ரத்து பண்ணணும். அதுக்குத் தலைநகர்லேர்ந்து கையெழுத்து வரணும். காலையிலேர்ந்து கேக்கறேன். கையெழுத்து போடற அதிகாரி மேய்ச்சல் மலையில குதிரைப்பால் குமிஸ் குடிச்சுக்கிட்டு இருக்கார், போனையே எடுக்கல. அதனாலதான் உங்ககிட்ட கெஞ்சறேன். லேப்டாப்பை அணைச்சுடுங்க.

... அண்ணி?



... நான் அப்படிச் சொல்லல. அவரை இன்னொரு தடவ சாகடிங்கன்னு நான் எப்ப சொன்னேன்?... இல்ல... கத்துங்க, பரவாயில்ல. ஆனா கத்திக்கிட்டே யோசிங்க.

... ஆமா, அவர் பொய் சொல்ல மாட்டார். வாழ்க்கையில சொன்னதில்ல. இப்பவும் சொல்லல. அவருக்குத் தெரியாது அண்ணி. தண்ணி ஏறினதை அவருக்கு யாரும் சொல்லல. அவ்வளவுதான்.

...

... என்ன சொன்னீங்க?

... அவர் பேர்லயே அனுப்பறதா? நானா?

... முடியும். ஃபோல்டர் எங்க சர்வர்லதானே இருக்கு. வாசகத்தை மாத்தி இப்பவே அனுப்பலாம். ஆனா செத்த மனுஷன் வாயில நான் பேசறதா?

... சரி. சரி, திட்டாதீங்க. தட்டறேன். 'எச்சரிக்கை, நீர்மட்டம்...' வேண்டாமா?... ஆமா, அவர் அப்படிப் பேசவே மாட்டார். நீங்களே சொல்லுங்க... ம்... ம்... 'தண்ணி வருது. சட்டியை விடு. ஆட்டை மேல ஏத்து, நீயும் ஏறு. மெதெர்.' அவ்வளவுதானா?... ஐயோ, அண்ணி. பக்கத்து மேசையிலேர்ந்து அவர் சொல்ற மாதிரியே இருக்கு.

அனுப்பிட்டேன்.

... வந்துச்சு, வந்துச்சு, உங்க போன் டிங்குன்னது எனக்கே கேட்டுச்சு.

... என்ன சத்தம் அது? நாயா?... துர்துபெக்கா அப்படிக் கத்தறது?... ஏறறாங்களா? நிஜமாவா? குதிரையை அவுக்கறாங்களா!... பாவி மனுஷனுங்க, நான் தொண்டை வறள கத்தினேன், ஒருத்தன் அசையல. அவர் நாலு வார்த்தை சொன்னதும்...

அண்ணி, மணி ஒண்ணு ஐம்பது. இப்ப லேப்டாப். ரெண்டு மணிக்கு அது பழைய வாசகத்தையே திரும்பவும் அனுப்பிடும். ஏறினவங்க எல்லாம் பாதி வழியில திரும்பிடுவாங்க.

... ஆமா. அணைச்சா நாளைக்கு வராது.

... நாளன்னிக்கும் வராது.

... உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் அண்ணி. இனிமே வரவே வராது.

...

... அந்தப் பொத்தானை அழுத்திப் பிடிங்க. விடாதீங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு... லைட்டு போச்சா?... சரி. சரி அண்ணி. அழுங்க, ஆனா நடந்துக்கிட்டே அழுங்க. கதவைப் பூட்டவேண்டாம். போனை வைக்காதீங்க, நான் கூடவே இருக்கேன்.

... நானும் இங்க அழிச்சுடறேன்... போச்சுன்னு பதில் வந்துடுச்சு. எப்பவும் இப்படித்தான் வரும், அப்புறம் ஃபோல்டரும் வரும்... பாக்கலாம்.

... ஏன் இப்படி மூச்சு வாங்குது? எதையாவது தூக்கிக்கிட்டு ஏறறீங்களா? சட்டியை விடுன்னு நீங்கதானே சொன்னீங்க!... ஒண்ணுமில்லையா... சரி, பேசாம ஏறுங்க.

...

மணி ரெண்டு.

... உங்களுக்கு?

... எனக்கும் வரல. லிஸ்ட்டைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். வரல அண்ணி. மூணு நாளா, வந்துடுமோ வந்துடுமோன்னு பயந்து செத்தேன். இப்ப வரலியேன்னு இருக்கு.

...

... என்ன இரைச்சல் அது? அண்ணி?... அண்ணி, எங்க நிக்கறீங்க?... மேய்ச்சல் மேட்டுலயா? கீழ என்ன தெரியுது?... பாலம் போச்சா... மசூதிக்குக் கீழ இருக்கற வீடெல்லாமா... உங்க வீடும்?...

... எல்லாரும் மேலதானே? போனைத் தலைவர்கிட்டக் குடுங்க.

... துர்துபெக் ஐயா, எண்ணிட்டீங்களா? நான் மேல ரிப்போர்ட் அனுப்பணும்... எவ்வளவு? நூத்திப் பதிமூணா? என் பட்டியல்ல நூத்திப் பன்னெண்டு பேர்தானே இருக்கு. விருந்துக்கு முன்னாடியே யாராவது வந்துட்டாங்களா?... இல்லையா? அப்ப இன்னொரு தடவ எண்ணுங்க ஐயா, குறையா இருந்தா ஆளைத் தேடணும்...

... யாரோட மடியில?... ஜீபெக் அண்ணி மடியிலயா?

... அண்ணனோட கோட்டுல சுத்தியா... லேப்டாப்பையா தூக்கிட்டு ஏறினாங்க...

... ஓ. மெதெரையும் சேத்துத்தான் எண்ணினீங்களா.

... இல்ல ஐயா. தப்பு இல்ல. மறுபடி எண்ணவேண்டாம். பத்திரமா ஏறினவங்க நூத்திப் பதிமூணுன்னே எழுதிக்கறேன்... ஆமா, பேரோடதான்... ஐயா? கேக்குதா?... ஹலோ... ஹலோ...