நாலு பேர் வேலை

எஞ்சின் இறக்குவது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை, சார். செயின் பிளாக்கை இழுக்க ஒருவர், முன்பக்கம் பிடிக்க ஒருவர், கியர்பாக்ஸ் பக்கம் பிடிக்க ஒருவர், கீழே படுத்து எங்கேயாவது இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர். நாலு பேர் வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தும் செய்யலாம். என் ஷெட்டுக்கு வருகிற மற்ற வண்டிகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். ஜோயல் வண்டிக்கு மட்டும் நான் கூலி ஆள் வைத்ததில்லை.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். அதனால் முதலிலிருந்து நிதானமாகச் சொல்கிறேன். நடுவில் ஏதாவது புரியவில்லை என்றால் நிறுத்திக் கேளுங்கள்.

நாங்கள் நாலு பேரும் மதுராந்தகம் பக்கத்தில் ஒரே காலனி. எங்கள் அப்பா அம்மாக்கள் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்துக்கு நடவும் அறுப்பும் போனவர்கள். எங்களில் யாரும் சேற்றில் கால் வைக்கவில்லை, அதில் எல்லாருக்குமே சந்தோஷம்தான். சாம் அணுபுரத்தில் ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறான். கருப்பன் நாவலூரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் லிஃப்ட், மோட்டார் எல்லாம் பார்த்துக்கொள்கிறான். ஜோயல் பழைய லாரி ஒன்றை வாங்கி மாமல்லபுரம் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் லோடு அடித்துக்கொண்டிருந்தான். நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் மெக்கானிக் ஷெட் போட்டேன். முழுப் பெயர் ஏசுதாஸ், அவர்களுக்கு தாஸ். கல்யாணம் எனக்கு அமையவில்லை. ஷெட்டுக்குப் பின்னாலேயே ஒரு ரூம், அதுதான் என் வீடு.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வாங்கடா, சும்மா உட்கார்ந்து பேசலாம் என்று போடுவேன். சாம் ஒரு கும்பிடு போடுவான். கருப்பன் கட்டை விரல் போடுவான். கட்டை விரல் வந்தால் ஆள் வர மாட்டான் என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டேன், பொங்கலுக்குக் கூப்பிட்டேன். ஒரு முறை டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தனித்தனியாக வந்தார்கள். ஆப்பிள் வைத்தார்கள், "ஒடம்ப பாத்துக்கடா" என்றார்கள், வெளியே வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை, சார். குடும்பஸ்தர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

அப்புறம் ஜோயல் வண்டியில் கிளட்ச் போனது. அது தானாகப் போனது. அதில் என் கை இல்லை.

குரூப்பில் ஜோயல், "வண்டி பட்த்துகிச்சு" என்று ஒரு வரி போட்டான். கும்பிடும் வரவில்லை, கட்டை விரலும் வரவில்லை. ஆட்களே வந்தார்கள். காலையில் இறங்கியவர்கள் பொழுது சாய்கிற வரை கிரீஸும் மண்ணெண்ணெயுமாக ஷெட்டிலேயே கிடந்தார்கள். ஜோயலின் மனைவி கவியா சதுரங்கப்பட்டினம் நண்டு வாங்கிக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள். கருப்பன் அவன் அபார்ட்மென்ட் செக்ரட்டரி லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்தியதை அப்படியே நடித்துக் காட்டினான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கிளம்பும்போது சாம், "சூப்பரா இருந்துச்சு மச்சான். அடிக்கடி இப்டி பண்ணணும்டா" என்றான். அவன் சொன்னதைத்தான் நான் செய்தேன்.

அடுத்தது டீசல் பைப்பில் காற்று பிடித்தது. அதற்கடுத்து டைனமோ. ஜோயல் சர்வீஸுக்கு என்னிடம்தான் வண்டியை விடுவான், வேறு யாரையும் நம்ப மாட்டான். ஏதாவது ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். யாருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. ஜோயலுக்கு அன்றைய லோடு வாடகை போனது, அது எனக்கும் தெரியும். ஆனால் நான் அவனிடம் கூலி என்று எதுவும் வாங்கியதில்லை.

கொஞ்ச நாளில் சின்ன வேலைக்கெல்லாம் கருப்பன் வருவதை நிறுத்திவிட்டான். "அதுக்கு நீ ஒருத்தனே போதும்டா. நான் வந்து இன்னா பண்ணப்போறேன்?" என்று போனில் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான். நாலு பேர் தேவைப்படுகிற மாதிரி ஒரு வேலை வேண்டியிருந்தது. எஞ்சின் ஆயில் ஊற்றுகிற வாய் வழியாக ஒரு கைப்பிடி பாலாற்று மணலைப் போட்டேன். சலித்த மணல்தான். பெரிய கல் எதுவும் போய்விடக் கூடாது என்று பார்த்துத்தான் போட்டேன்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்து, இனி இது ஆகாது என்று நான்தான் சொன்னேன். ஜோயல் ஷெட் வாசலில் டயர் மேல் உட்கார்ந்து அழுதான். "எங்கடா தப்பு பண்ணேன்? ஆயிலு டயத்துக்கு மாத்திகினுதானே கீறேன்" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை, சார். கவியா கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துத்தான் வேறொரு பழைய எஞ்சின் வந்து சேர்ந்தது. "இதுவும் பூட்ச்சின்னா நடுத்தெருதான் மச்சான். கொயந்தைங்கள வெச்சிகினு எங்க போவேன்?" என்று ஜோயல் சொன்னான். ஒன்றும் ஆகாது என்றேன்.

எஞ்சின் மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஷெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே மூன்று பேரும் வந்து நின்றார்கள். கருப்பன் லீவு போட்டிருந்தான். ரேடியேட்டரைக் கழற்றினோம், ஹோஸ்களைக் கழற்றினோம், மவுண்டிங் போல்ட்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். துருப்பிடித்த ஒரு போல்ட் வராமல் அடம் பிடித்தது. சாம் அதைத் திட்டிய திட்டில் கவியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வராம இங்க குந்திகினு கெட்ட வார்த்த பேசினு கீறீங்க. ஆண்டவரு கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றாள்.

"நான் வேற செக்‌ஷன் தங்கச்சி. என்னய கேக்க மாட்டாரு" என்றான் கருப்பன்.

செயின் என் கையில் இருந்தது. ஜோயல் கீழே படுத்திருந்தான். கெட்டுப்போன எஞ்சின் அவன் நெஞ்சுக்கு நேர் மேலே தொங்கியது. நான் ஏதாவது செய்ய நினைத்திருந்தால் அப்போதே செய்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவன் வெளியே உருண்டு வருகிற வரை நான் செயினை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவனுக்கு ஒன்று ஆகிவிடும் என்றால் என்னால் தாங்க முடியாது. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கவியா கொண்டுவந்த நண்டுக் குழம்பைச் சாப்பிடும்போதுதான் ஜோயல் சொன்னான். "மச்சான், உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். ஒரகடத்துல கம்பெனி லோடு கெட்ச்சிருக்கு. அங்கயே வூடும் பாத்துட்டேன். மெக்கானிக்லாம் அவங்களே வெச்சிகினு கீறாங்க. இனிமே உங்க யாரையும் நான் பேஜாரு பண்ண மாட்டேன்."

"அப்பாடா" என்றான் கருப்பன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கையில் இருந்த நண்டை என்னால் உடைக்க முடியவில்லை. இந்த மூன்று பேரும் ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்ப்பது இதுதான் கடைசி என்று தெரிந்துபோனது. எனக்குப் பயமாக இருந்தது, சார். போகாதே என்று சொல்ல நான் யார்? அவன் பெண்டாட்டியா, பிள்ளையா? நல்ல சேதி சொல்லியிருக்கிறான், சந்தோஷப்பட வேண்டும். பொரியல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அடுத்த எஞ்சினை ஏற்றினோம். ஒயரிங் என் வேலை. சூட்டைக் காட்டுகிற முள்ளுக்குப் போகிற ஒயரை மட்டும் நான் சொருகவில்லை. முள் ஏறுவதைப் பார்த்துவிட்டால் ஜோயல் நிறுத்திச் சரிபார்த்துவிடுவான்.

எல்லாம் முடிந்ததும் கருப்பன் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். ஜோயல் எஞ்சின் மேல் கை வைத்து, ஜெபம் பண்ணலாம் என்றான். எல்லோரும் கண்ணை மூடினார்கள், கருப்பனும் மூடினான். ஜோயல் ஜெபத்தைச் சீக்கிரம் முடிக்கிறவன் இல்லை. "அப்பா, ஸ்தோத்திரம். இந்த வண்டிய உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தான். நான் குனிந்து ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். "எனக்காக வந்த இந்த சகோதரருங்கள ஆசீர்வதியும். கூலி வாங்காம ஒழைச்ச தாஸோட கைங்கள விசேஷமா ஆசீர்வதியும் அப்பா" என்றான். அதற்குள், போகப் போகத் தண்ணீர் ஒழுகுகிற அளவு தளர்ந்துவிட்டது. ஆமென் எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன்.

வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. ஜோயல் மாமல்லபுரம் பட்டறையில் ஒரு சிலை ஏற்ற வேண்டும் என்று அப்படியே புறப்பட்டான். "முள்ளு அசையவே இல்லையேடா" என்றான். "நல்ல எஞ்சின் மச்சான், சூடே ஆவாது" என்றேன். சாம் கவியாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். கருப்பன் பஸ் ஏறினான்.

திருக்கழுக்குன்றத்துக்குள்ளேயே, கடைத்தெரு பக்கம் நிற்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அதைத் தாண்டி ஏரிக்கரை வளைவு வரை ஓடிவிட்டது. உண்மையிலேயே நல்ல எஞ்சின்தான்.

ஜோயல் போன் பண்ணினான். "மச்சான், பொகயா வருது, ஆஃப் ஆயிட்ச்சி. வளைவுல நின்னுகினு கீது, ஓரம் கட்டவும் முடில. நீ வண்டிய எட்த்துகினு சீக்கிரம் வா" என்றான். குரல் உடைந்திருந்தது. "அங்கயே இரு, எல்லாரயும் இட்டுகினு வரேன்" என்றேன். பைக்கில் நான் மட்டும் போயிருந்தால் டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் சாமைக் கூப்பிட்டேன். கருப்பனைக் கூப்பிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வரச் சொன்னேன். ஷெட்டைப் பெருக்கினேன். மீதி இருந்த குழம்பை அடுப்பில் வைத்தேன். மூன்று பேரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று காத்திருந்தேன்.

பின்னால் வந்த டிப்பர் லாரி வளைவில் நின்ற வண்டியைக் கவனிக்கவில்லை. ஜோயல் முன்பக்கம் நின்று ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்கு மேல் உங்கள் எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கிறது.

சவப்பெட்டி தூக்குவதும் நாலு பேர் வேலைதான். நாங்கள் மூன்று பேர் இருந்தோம், ஒரு பக்கம் கவியாவின் அண்ணன் பிடித்தார். கல்லறையிலிருந்து திரும்பி சாமும் கருப்பனும் என் ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. சாம் என் தோளில் சாய்ந்து அழுதான். கருப்பன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னான். அப்படி நாங்கள் உட்கார்ந்து ரொம்ப வருஷம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கவியா பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போன் பண்ணினால் எடுத்து, "சொல்லுங்கண்ணா" என்கிறாள், அப்புறம் பேச ஒன்றும் இருப்பதில்லை. குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை வாங்கடா என்று போட்டேன். கட்டை விரல்கூட வரவில்லை.

டிப்பர் டிரைவரை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பு இல்லை, அந்த வளைவில் யார் வந்திருந்தாலும் மோதியிருப்பார்கள். அவரை விட்டுவிடுங்கள். மணல் போட்டது நான். ஒயரைச் சொருகாமல் விட்டதும் கிளிப்பைத் தளர்த்தியதும் நான். அவன் கூப்பிட்டபோது போகாமல் இருந்ததும் நான்தான். ஜோயலைக் கொன்றது நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், சார். கோர்ட்டில் கேஸ் நடக்கும்போது சாம், கருப்பன், கவியா மூன்று பேரையும் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள் இல்லையா? கருப்பனுக்கு லீவு கிடைப்பது கஷ்டம், ஆனால் சம்மன் என்றால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தனித்தனி நாளாகப் போட்டுவிடாதீர்கள். எல்லாரையும் ஒரே நாளில் வரச் சொல்லுங்கள்.