நாலு பக்கமும் தைத்த பேட்ஜ்

— ஏங்க, அந்தக் கத்தரியை எதுக்கு எடுத்தீங்க?

— சட்டையில இருந்து பேர் பேட்ஜைப் பிரிக்கப் போறேன். நீ பாட்டுக்கு அதைத் தைச்சு வெச்சதுலதான் இவ்வளவு வினையும்.

— ஆமா, நான்தான் வினை! மாசத்துக்கு ஒண்ணைத் தொலைச்சிட்டு வந்து முழிச்சது யாரு? அந்த ஊக்கு குத்திக் குத்திச் சட்டையே சல்லடை ஆயிடுச்சு. போதும்டா சாமின்னு நாலு பக்கமும் இழுத்துத் தைச்சேன். போலீஸ்காரருக்குப் பேரை மறைக்கற வேலையும் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?

— வேன்ல நடக்கறது உனக்குத் தெரியாது. கூட்டத்தைக் கலைக்க இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் பேட்ஜைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுடுவோம். யாரும் சொல்றதில்ல. ஒருத்தர் கழட்டினா எல்லாருக்கும் கை தானா போகும். அன்னைக்கு நானும் இழுத்துப் பார்த்தேன். வந்தாத்தானே? வேனே சிரிச்சுது. 'வீட்டம்மா சீல் வெச்சு அனுப்பியிருக்காங்கடா'ன்னான் ஒருத்தன்.

— அப்படியேவா இறங்கினீங்க?

— வேற வழி? தண்ணி ஆபீஸ் வாசல்ல காலிக் குடத்தோட அவ்வளவு ஜனம். அடிங்கன்னு பின்னாடியிருந்து சத்தம் வந்துச்சு. நானும் லத்தியை ஓங்கிட்டேன். உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்.

— ஐயோ... கையில கட்டோட இருக்காங்களே, அந்த டீச்சரம்மா மேலயா?

— அவங்கதான் முன்னாடி நின்னாங்க. ஹெல்மெட்டுக்குள்ள என் முகம் தெரியல. நேரா நெஞ்சைப் பார்த்து என் பேரை வாய்விட்டுப் படிச்சாங்க. திட்டல, கத்தல. சும்மா படிச்சாங்க. கை இறங்கிடுச்சு.

— அப்ப அவங்க மணிக்கட்டு எப்படி உடைஞ்சுது?

— பக்கத்துல இருந்து வேற லத்தி வந்துச்சு. குடத்தைப் போட்டுட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. நான்தான் தூக்கிட்டுப் போய் ஜீப்ல ஏத்தினேன்.

— ஊரெல்லாம் நீங்க அடிச்சதாப் பேசுதே! கடையில நான் போய் நின்னா பேச்சு அப்படியே அடங்குது.

— டீச்சரம்மா உள்ளதைத்தான் புகார்ல சொல்லியிருக்காங்க. இவர் தூக்கி விட்டார், அடிச்சவரை இவருக்குத் தெரியும்னு. அவங்களுக்குத் தெரிஞ்ச பேர் அது ஒண்ணுதானே? வெளியில வந்ததும் அந்தப் பேர் மட்டும்தான்.

— இன்ஸ்பெக்டர் ஐயா என்ன சொல்றார்?

— நாளைக்கு விசாரணையில, கூட்ட நெரிசல்ல தானா விழுந்தாங்கன்னு சொல்லணுமாம். எல்லாருக்கும் நல்லதாம். இல்லேன்னா இனிமே என்கூட ஒருத்தனும் ஜீப்ல ஏற மாட்டானாம்.

— நீங்க?

— பார்த்ததைத்தான் சொல்லுவேன்னுட்டேன். ...என்ன, இதுக்குச் சண்டைக்கு வரலையா?

— இத்தனை வருஷமா உங்ககூடச் சண்டை போட்டே பழகிடுச்சுங்க. இவ்வளவு பெருமையா இருந்தா என்ன பண்றதுன்னு தெரியல.

— பெருமை கிடக்கட்டும். அன்னைக்கு அந்த நூல் அறுந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன்.

— அறுந்திருக்காது. நான் தைச்சது.

— அது என்னவோ உண்மை.

— சரி, அடிச்சது யாருங்க?

— அதை மட்டும் கேக்காத. நாளைக்கு அங்க சொல்றேன். இங்க சொன்னா, அப்புறம் மாடிப்படியில நீ அவங்க முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

— அப்ப, நம்ம குவார்ட்டர்ஸ்லயேவா...

— கேக்காதன்னேன்ல. யாரோ கதவைத் தட்டறாங்க, போய்ப் பாரு.

— வாங்கக்கா! எதிர் வீட்ல இருந்துகிட்டு என்ன புதுசா கதவெல்லாம் தட்டறீங்க? ஏன்க்கா கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?

— ஒண்ணுமில்ல தங்கச்சி. சின்னத் தையல் வேலை ஒண்ணு. தம்பி இருக்காரா?

— வாங்க அண்ணி. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க, நான் கொஞ்சம் வெளியில போயிட்டு...

— போகாதீங்க தம்பி. நீங்களும் கேக்கணும்.

— அக்கா, இது அண்ணனோட யூனிஃபார்ம் சட்டையாச்சே?

— அவரோடதுதான் தங்கச்சி. அந்த மனுஷனுக்கு அன்னையிலிருந்து சோறு இறங்கல. கேட்டா எரிஞ்சு விழுந்தார். இன்னைக்குத்தான் பக்கத்துல உட்கார்ந்து வாயைத் திறந்தார். இந்தா, பேட்ஜ். அவரே எடுத்துக் குடுத்தார்.

— அண்ணி...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. இத்தனை நாளும் சொல்லாம இருந்தீங்களே, அதுவே போதும்.

— ஏங்க, அந்தக் கத்தரியை உள்ள வெச்சிட்டு ஊசியை எடுத்துட்டு வாங்க. எப்படித் தைக்கணும்க்கா?

— தம்பியோடது மாதிரியே, நாலு பக்கமும். நாளைக்கு முதல் ஆளா இதைப் போட்டுக்கிட்டு அந்த டீச்சரம்மா முன்னாடி நிக்கப் போறாராம். 'அன்னைக்கு அவங்க படிச்சிருக்க வேண்டியது என் பேரைத்தான்'னு சொல்லி அனுப்பினார்.