ஏழாம் கணினியை வரைந்து காட்டிய அக்காவுக்கு

கட்டளை ஒன்றால் கடலளவு கோப்புகளையும் கண்முன் நிறுத்தும் வித்தகியே! கறாரான கண்ணும் கனிந்த நெஞ்சும் கொண்ட எங்கள் தலைமைப் பொறியாளர் அக்கா! பணி நிறைவு பெறும் தங்களை இந்த மருத்துவமனையின் கணினி அறை ஊழியர்கள் நாங்கள் வணங்கி மகிழ்கிறோம். கொஞ்சம் நடுங்கவும் செய்கிறோம்.

ஒரு கேபிள் கோணலாகக் கிடந்தாலும் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் தாங்கள்தான் 'கிளைப்படம்' என்னும் கருவியையும் எழுதித் தந்தீர்கள். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் போதும். எந்தக் கோப்பின் எந்த நகல் எந்தக் கணினியின் எந்த வட்டில் இருக்கிறது என்பதைக் கணினிக்கு ஒரு கிளையாக வரைந்து காட்டும். கேட்டதும் பதில் தரும் கணினிகளை மட்டுமே அது வரையும். பழைய பட்டியலைப் பார்த்து ஒப்பேற்றாது.

அதனால்தான் எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழாம் கணினி, அதை நிறுவிய, எங்களோடு பணிபுரிந்த தங்கள் தோழி இறந்த வாரமே கருகிப்போய், எங்கள் கண்ணெதிரே கழற்றி அகற்றப்பட்டது. மறுநாள் காலையும் படத்தில் ஏழாவது கிளை இருந்தது. பின்னர் தண்ணீர்க் குழாய் வெடித்து இரண்டு கணினிகள் நனைந்தபோது, மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் அந்த இல்லாத கணினியிலிருந்துதான் திறந்தன. இன்றும் அங்கிருந்துதான் திறக்கின்றன. வேறிடத்துக்கு நகலெடுத்தால் வெற்றுத் திரைதான் மிஞ்சுகிறது.

தாங்கள் விடுப்பில் சென்றபோது நாங்கள் கட்டளையைத் தட்டினோம். ஏழாவது கிளை வரவில்லை. அறுவை சிகிச்சைக்குத் தயாராகியிருந்த ஒரு நோயாளி, தாங்கள் ஓடிவரும் வரை மேசையிலேயே காத்துக் கிடந்தார்.

ஆகவே நேற்று வெட்கத்தை விட்டுக் கேட்டோம்: "அக்கா, நீங்க போயிட்டா நாங்க என்ன பண்றது?"

கேபிளைச் சுருட்டியபடியே சொன்னீர்கள்: "மெஷினைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டா அவ எப்படி வருவா? பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அவ இருந்தப்போ அப்படித்தானே கூப்பிடுவீங்க."

இன்று காலை, இந்த மண்டபத்துக்கு வரும் முன், திரையைச் சூழ்ந்து நின்று தங்கள் தோழியின் பெயரை வாய்விட்டுச் சொன்னோம். பிறகு கட்டளையைத் தட்டினோம். ஏழாவது கிளை எழுந்தது. ஸ்கேன் படங்கள் அத்தனையும் திறந்தன. எங்களில் சிலர் அழுதே விட்டோம். அதன் கீழே, நாங்கள் நிறுவாத எட்டாவது கிளை ஒன்றும் இருந்தது. அதில் தங்கள் பெயர். வட்டு முழுவதும் காலி.

அக்கா, தாங்கள் நோயின்றி, நோவின்றி, நூறாண்டு கடந்தும் வாழ வேண்டும். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நாங்கள் தினமும் பார்த்துக்கொள்கிறோம்.

தங்கள் அன்பில் திளைத்த
கணினி அறை ஊழியர்கள்