சிவப்புக் கோட்டுக்குள் பிரசவ மருத்துவமனை

மேடையில் வீற்றிருக்கும் காவல் தலைமை அதிகாரி அவர்களே, மறைந்த நம் சாலைப் பொறியாளர் அம்மையாரின் கணவரே, மகளே, அம்மையாரோடு வெயிலில் நின்று தார் ஊற்றிய தோழர்களே, வணக்கம்.

நான் காவல் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். மேடைப் பேச்சு பழக்கமில்லை, பிழையிருந்தால் பொறுத்தருள்க. அழக் கூடாது என்று மகள் கட்டளையிட்டிருக்கிறாள்: "மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா அம்மாவுக்குப் பிடிக்காது மாமா."

மருத்துவமனைப் பாதையை மறுபடி மூடுவதா என்று நாளைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அம்மையார் பேச வேண்டிய கூட்டம். அந்தப் பாதை எப்படித் திறந்தது? சொல்கிறேன்.

சந்தையில் குண்டு வெடித்த வாரம். சுற்றிலும் இருநூறு மீட்டர் மூடச் சொன்னார்கள். அளவு பிசகாமல் சிவப்புக் கோடு போட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். உள்ளே பிரசவ மருத்துவமனை இருந்ததை மட்டும் பார்க்கவில்லை!

அம்மையார் என் வரைபடத்தைப் பார்த்தார். "கோடு அழகா இருக்குண்ணே. வலி வந்தவ இதை எப்படித் தாண்டுவா? உயரம் தாண்டணுமா, நீளம் தாண்டணுமா?"

"பாதுகாப்புதாம்மா முதல்ல," என்றார் அதிகாரி.

"சரிங்க சார். சனமெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டா, உங்க சோதனைச் சாவடியையே நீங்க காவல் காக்கலாம்."

சாவடியை எடுக்கச் சொன்னாரா? இல்லை! பாதையின் முகப்பிலேயே வைக்கச் சொன்னார். சோதிக்கப் பெண் காவலர்கள். ஆம்புலன்ஸுக்குத் தனி வழி. காவல் விளக்கின் வெளிச்சம் விழும் இடத்திலேயே புதுச் சாலை. காவலும் வேண்டும், வழியும் வேண்டும் என்றார்.

அந்த மாதம் பதினோரு குழந்தைகள்! ஒருத்திக்குச் சாவடி வரைதான் பொறுத்தது. நம் அதிகாரி தொப்பியைக் கழற்றி வீசி, "நம்ம சாவடியில பொண்ணு பொறந்திருக்கா!" என்று கத்தினாரே, மறக்க முடியுமா?

"சோதனை பண்ணித்தானே அனுப்புனீங்க சார்?" என்று கேட்டவர் நம் அம்மையார்!

சிரியுங்கள், தவறில்லை.

நாளை அவருக்காக யார் பேசுவது? மூன்று நாளாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள்.

அம்மையாரே, மூடிக் கோடு போட்ட கை இது. திறந்து வைக்கவும் இதுவே வாதாடும். குரல் நடுங்கும், நடுங்கட்டும்.

அதிகாரி ஐயா, நாளை எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும். நான் நிதானமாகப் பேசுகிறவன். பத்தாகவே குறித்துக்கொள்ளுங்கள்.