ஓட்டப்பந்தயக் கேசட்

இல்லம்மா, இந்தக் கேசட்ல பூஞ்சையெல்லாம் இருக்காது, நல்லாப் பாருங்க. ஈரம் உறிஞ்சுற பொட்டலம் போட்டு இருபத்திரண்டு வருஷமா டிராயர்ல பத்திரமா வச்சிருந்தேன். எம் பொண்ணு மிசுஹோகிட்டதான் பூஞ்சை புடிச்சிருச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன்.

ஆமா, பொய்தான். ஒண்ணா ரெண்டா? டிவிடி கேமரா வாங்கினப்ப, பழைய கேசட் இதுல ஓடாதும்மான்னேன். அப்புறம் மெமரி கார்டு வந்துச்சா, பழைய கேமராவுக்குப் பார்ட்ஸே கிடைக்கலன்னேன். அது இன்னும் அலமாரியில இருக்கு, நல்லா ஓடுது! கம்பெனிக்காரன் மாத்த மாத்த, எனக்கு நல்லதாப் போச்சு. ஊர்ல எல்லாரும் பழசைப் பாக்க முடியலையேன்னு புலம்பினாங்க. நான் நிம்மதியா இருந்தேன். சொல்லவே வெக்கமா இருக்கு.

அக்டோபர்ல அவளுக்குக் கல்யாணம். விருந்துல போட சின்ன வயசு வீடியோ வேணுமாம், அதுவும் இந்த ஸ்போர்ட்ஸ் டேதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. போன வாரம் அவளே டிராயரைத் தொறந்துட்டா. பூஞ்சையே இல்லையேப்பான்னா. மூஞ்சிய எங்க வச்சுக்க? நானே கடையில குடுத்து மாத்திட்டு வர்றேன்னு புடுங்கிட்டு வந்தேன்.

அதான் கேக்குறேன், சத்தத்தை எடுத்துருங்க. படம் மட்டும் போதும். இல்லல்ல, பாட்டு, கைதட்டல் எல்லாமே போகட்டும். ஒரு இடத்துல மட்டும் வெட்டினா, இங்க மட்டும் ஏம்ப்பா ஊமையா இருக்குன்னு கேப்பா.

கெட்ட வார்த்தையா? அய்யய்யோ, அதெல்லாம் இல்லம்மா.

அன்னிக்கு விடியக்காலை நாலு மணிக்கே ஸ்கூல் கேட்ல வரிசையில நின்னு முன்னாடி பாய் விரிச்சு இடம் புடிச்சேன். போனஸ்ல வாங்கின புது கேமரா. பக்கத்துப் பாய்ல எங்க ஆபீஸ் மேனேஜர். எம் பொண்ணு சிட்டாப் பறப்பான்னு ஒரு வாரமா அவர்கிட்ட அளந்து விட்டிருந்தேன்.

ஓட்டத்துல அவரு பொண்ணுதான் முதல்ல வந்துச்சு. மிசுஹோ கடைசி. தொப்பி கழண்டு தொங்குது, என் கேமராவையே பாத்துக் கையாட்டிச் சிரிச்சுக்கிட்டே ஓடி வர்றா. கையாட்டாம இருந்திருந்தா ஒருத்தியையாவது முந்தியிருப்பா.

மேனேஜர் என்னைப் பாத்துக் கேக்குறாரு, கடைசியா வர்றது உங்க பொண்ணா நித்தா-சான்?

இல்லீங்க, யார் வீட்டுப் பிள்ளையோன்னேன்.