வெட்டுத்துணி மூட்டையில் துவரம்பருப்பு

கால்சட்டைக்கு மடிப்பு வைப்பதில் இந்த மாவட்டத்துக்கே முன்னோடி, கோபம் வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிற கனிவாளர், தையல் தொழிலாளர் சங்கத் தலைவர் அண்ணன் தசரதன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே! ஊசியின் காதைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்ட பெரியோர்களே! ஊருக்கெல்லாம் தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, தங்கள் ரவிக்கையை மட்டும் தீபாவளிக்கு மறுநாள் தைத்துக்கொள்ளும் தாய்மார்களே! பாருங்கள், கைதட்டல் எங்கேயிருந்து வருகிறதென்று! பின்வரிசையில் சாம்பார் வாசனையை முகர்ந்தபடியே என் பேச்சைக் கேட்கப்போகும் தம்பிகளே! இந்த வேங்கிக்கால் மண்டபத்தில் கூடியிருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தையல்காரன் மணிவேலின் வணக்கம்.

"காசநோயும் நாமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் "பட்டன் சிறந்ததா, ஜிப் சிறந்ததா" என்று பட்டிமன்றம் பேச வைத்தார்கள். இந்த வருஷம் காசநோய். சங்கம் வளர்ந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் அபிநயா செவிலியர் படிப்புப் படிக்கிறாள். இந்தத் தலைப்பைச் சொன்னதும் அவள் எனக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டினாள். கதை அல்ல, வரலாறு. கேட்கக் கேட்க, நான் அடித்துக்கொண்டிருந்த ஓரம் எங்கேயோ போய்விட்டது. அந்தப் புடவைக்குச் சொந்தக்காரர் இங்கே இருந்தால் மன்னிக்கவும்.

நூற்று இருபது வருடங்களுக்கு முன்னால், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் பஞ்சத்துக்கும் படுகொலைக்கும் பயந்து யூத மக்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். போன இடத்தில் என்ன வேலை பார்த்தார்கள்? சொல்லுங்கள், என்ன வேலை? ஆமாம் தாயே, நம்ம வேலை! தையல் வேலை! நியூயார்க்கில் சன்னல் இல்லாத அறை. ஒரே அறையில் மிஷின், ஒரே அறையில் அடுப்பு, ஒரே அறையில் குழந்தை, ஒரே அறையில் இருமல். துணித்தூசி தொண்டையில், நோய் நெஞ்சில். காசநோய்க்கு அங்கே தையல்காரர் நோய் என்றே ஒரு பேர் இருந்ததாம். நம் சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் இருந்திருக்கிறார்கள், நமக்குத்தான் தெரியவில்லை!

அப்போது மாத்திரை கிடையாது. மலைக்காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும்தான் மருந்து. டென்வர் என்று ஒரு மலையோர நகரம். இருமிக்கொண்டே ரயிலேறி அங்கே போனார்கள். போனவர்களுக்குத் தங்க இடமில்லை, தெருவில் கிடந்தார்கள். அதைப் பார்த்த அவர்கள் இனத்து வசதிக்காரர்கள், முன்னாலேயே குடியேறி நன்றாக இருந்தவர்கள், ஓர் இலவச மருத்துவமனை கட்டினார்கள். அதற்கு ஒரு விதி வைத்தார்கள். காசு கொடுக்க முடிந்தவன் உள்ளே வரக் கூடாது. உள்ளே வந்தவன் கொடுக்கக் கூடாது. எப்படிப்பட்ட விதி! எந்த மதத்தவரும் வரலாம் என்றார்கள். கும்பிட வேண்டிய கைகள் அவை.

ஆனாலும் ஒரு குறை. பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம் என்பது அந்த மக்களின் சமயக் கட்டளை. நமக்கென்ன புதுசா? கார்த்திகை மாதம் மாலை போட்ட வீட்டில் தனிச்சட்டி வைக்கிறோமே! அந்த மருத்துவமனையில் அந்தச் சமையல் இல்லை. நோய் முற்றியவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பதும் கஷ்டமாக இருந்தது. ஏழைத் தையல்காரர்கள் கூடிப் பேசினார்கள். நோயாளிகளே பேசினார்கள்! உழைப்பாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, முதலில் கூடாரம் அடித்து, தங்களுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார்கள். முற்றிய நோயா, வா. காசில்லையா, வா. உன் வீட்டுச் சோறு இருக்கிறது, வா. உன் பாஷையில் பேச ஆள் இருக்கிறது, வா!

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வாங்குகிறவன் தலை குனியாமல் வாங்க வேண்டும். தலை குனிந்து சாப்பிட்ட முட்டை உடம்பில் ஒட்டாது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். மலைக்காற்றைத் தேடி நாம் ரயிலேற வேண்டாம். வாசலைத் திறந்தால் மலை! பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வருகிறோம். ஆனால் நம் தெருவில் ஒருவருக்குக் காசநோய் என்றால்? அவரைச் சுற்றிக்கொண்டு போகிறோம்! சுற்றி வருவதற்கும் சுற்றிக்கொண்டு போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, ஐயா.

நம் சங்கத்துத் தங்கச்சி ஒருத்தி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். பேர் சொல்ல மாட்டேன். அங்கே யார் "பேர் என்ன"ன்னு கேக்கறது? கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஒக்காரு தம்பி. அவளுக்கு இருமல் வந்தது, சோதித்தார்கள், காசநோய். அரசாங்க மாத்திரை இலவசம். ஆறு மாதம் விடாமல் விழுங்கினால் நோய் போய்விடும். நடுவில் விட்டால் நோய் திரும்பி வரும், அப்போது அந்த மாத்திரைக்கு மசியாது. வேறு மருந்து, நீண்ட வைத்தியம், சில பேருக்கு உயிரே போகும். அவளும் ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சத்தான சாப்பாடு கொடுக்க நம் சங்கம் முடிவெடுத்தது. நல்ல முடிவு. எப்படிக் கொடுத்தோம்? பத்துப் பேர் போனோம். நான் போகவில்லை, எனக்கு அன்றைக்குப் பட்டிமன்றம். போனவர்கள் சும்மா போனார்களா? ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு போனார்கள்! "காசநோயாளிக்கு ஊட்டச்சத்து வழங்கும் விழா" என்று அவள் வீட்டு வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அதில் தலைவர் படம் பெரிது, பருப்புப் பொட்டலம் சிறிது. அண்ணன் சிரிக்கிறார், தப்பித்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரையை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். இதையும் அங்கே எடுத்துப் போனால் அந்தத் தெருவுக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம். வயிறு எரிகிறதய்யா! கொடுக்கப் போன நாம், அவள் கையில் இருந்த மருந்தையே கீழே போட வைத்துவிட்டோம்.

இந்த இடத்தில்தான் வருகிறார் நம் மகளிர் அணி ஜோதியம்மாள். வெட்டிய துணியை மூட்டை கட்டி வீடு வீடாகத் தைக்கக் கொடுப்பவர். அம்மா, எழுந்து நில்லுங்கள். நிற்க மாட்டாராம், பரவாயில்லை. ஒரு நாள் வழக்கம்போல ஒரு வெட்டுத்துணி மூட்டை கட்டினார். மேலே ஜாக்கெட் துணி. நடுவில் துவரம்பருப்பு, வேர்க்கடலை, முட்டை. அடியில் அவள் விட்டுப்போன மாத்திரை. பஸ் ஏறினார், மூட்டையோடு போய் இறங்கினார். தையல்காரி வீட்டுக்குத் துணி மூட்டை வந்தால் எந்தத் தெரு கேள்வி கேட்கும்? ஒரு முட்டை மட்டும் வழியில் உடைந்துவிட்டது. நல்லவேளை, மஞ்சள் துணி.

தங்கச்சி அழுதிருக்கிறாள். ஜோதியம்மாள் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "அழுது முடிச்சியா? தைச்சத அனுப்பும்போது காலி மாத்திர அட்டையையும் சேத்து அனுப்பு. அட்ட வரலன்னா அடுத்த மூட்ட வராது"ன்னு சொல்லிவிட்டு வந்தார். வாரா வாரம் மூட்டை போனது. வாரா வாரம் தைத்த துணிக்குள் காலி அட்டை திரும்பி வந்தது.

ரொம்ப இளைத்துப்போயிருந்ததால், தன் ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்கப்போவதாக அவள் சொன்னாளாம். அதற்கு ஜோதியம்மாள் சொன்னது நம் தொழிலின் வேதம்: "துணிய வெட்டிப்புடாத. உள்ள விட்டுப் பிடி. சத போட்டதும் பிரிச்சு விட்டுக்கலாம்." அமெரிக்காவில் கூடாரம் அடித்தவர்களுக்கும் இந்த ஜோதியம்மாளுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் பாலைப் பிரித்து வைத்தார்கள், இவர் பருப்பை ஒளித்து வைத்தார். இரண்டு பேரும் காப்பாற்றியது மானத்தை! மானம் பிழைத்தது, மாத்திரை தொடர்ந்தது!

தலைவர் அவர்களே, இப்போதுதான் என் வேண்டுகோளுக்கு வருகிறேன். இதோ, என் பின்னால் பைகள் அடுக்கியிருக்கிறீர்கள். என் பேச்சு முடிந்ததும் நோயாளிகளைப் பேர் சொல்லி மேடைக்கு அழைப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து இந்த மண்டபத்தில் சில பேர் தலை நிமிரவில்லை. இரண்டு பேர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார்கள். அவர்கள் நாளைக்கு மாத்திரை வாங்கப் போவார்களா, போக மாட்டார்களா என்பது இப்போது உங்கள் வாயில் இருக்கிறது. கூப்பிடாதீர்கள் அண்ணா! கொடுக்கிற கைக்கு வெளிச்சம் வேண்டாம், வாங்குகிற முகத்துக்கு நிழல் வேண்டும்! பைகள் இங்கேயே இருக்கட்டும். நாளையிலிருந்து வெட்டுத்துணி மூட்டையோடு மூட்டையாகப் போகட்டும். நம் வீடுகளுக்கு நூறு மூட்டை போகிறது. எதில் துணி, எதில் பருப்பு என்று எவனுக்குத் தெரியும்? இந்த ரகசியம் தையல்காரர்கள் நமக்குள் இருக்கட்டும்.

என்ன, தலைவர் என் மைக்கைப் பிடுங்குகிறாரே...

"மணிவேலு, அந்த நிகழ்ச்சிய எடுத்துட்டேன். யாரையும் கூப்புடல. நீ முடி, சாம்பார் ஆறுது."

கேட்டீர்களா! கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார் என் தலைவர்! கைதட்டுங்கள், மலையில் எதிரொலிக்கட்டும்! வாசலில் நிற்கும் அந்த இரண்டு பேரையும் யாராவது சாப்பிடக் கூப்பிடுங்கள். பந்தியில் எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே முட்டை. முட்டை வேண்டாதவர்களுக்கு ஒரு வடை கூடுதல்.

அந்தத் தங்கச்சி என்ன ஆனாள் என்கிறீர்களா? மருந்து முடிந்தது. நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் என்று சொன்னேனே, அது அந்த ஊரே இல்லை, போய்த் தேடாதீர்கள். போன வாரம் என் கடைக்கு வந்தாள். ஜாக்கெட்டை மூன்று தடவை பிரித்து விட்டாளாம். "உள்ள விட்டுவெச்ச துணியெல்லாம் தீந்துபோச்சுண்ணா, இனிமே புதுசுதான் தைக்கணும்"னு சொல்லிவிட்டு, என்னிடமே அளவு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இத்தனை நேரம் பசியோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பேச்சைக் கேட்டு மனசு மாறிய தலைவருக்கு நன்றி. எழுந்து நிற்காத ஜோதியம்மாளுக்கு, நாம் எல்லோரும் எழுந்து நின்று நன்றி. வணக்கம், பந்திக்கு வாருங்கள்!