மார்டள்ளியில் நல்ல மழை

பாக்கியலட்சுமி: இல்லக்கா, அது முடியாது. இருபத்திரண்டு பேர் எழுதின தாள் மாட்டியிருக்கோம். எல்லாத்துலயும் உங்களுதுதான் நல்லாயிருக்குன்னு புரொபசரே சொன்னார்.

சலேத்தம்மா: அதுதாங்க பயமா இருக்குது. நல்லா இல்லீன்னு சொல்லியிருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்கல்ல.

பாக்கியலட்சுமி: என்னக்கா நீங்க... எட்டு மாசம். யூனிவர்சிட்டி லைப்ரரி பின் வராண்டாவுல மத்தியான வெயில்ல ஒக்காந்து கன்னட எழுத்து கத்துக்கிட்டீங்க. மொதல் நாள் கைநாட்டு வச்சீங்க. இன்னிக்கு மியூசியம் ஹால்ல உங்க கையெழுத்து தொங்குது. ஊரே வந்து பாக்குது. இப்பப் போயி கழட்டுன்னா...

சலேத்தம்மா: ஊரு பாக்கட்டுமுங்க. என்ற ஊட்டுக்காரரு பாக்கக்கூடாது.

பாக்கியலட்சுமி: ஏன், நீங்க படிக்கிறது அவருக்குப் பிடிக்காதா?

சலேத்தம்மா: சேச்சே, தங்கமான மனுசனுங்க. நான் கிளாசுக்கு வர்றதே அவருக்குத் தெரியாது.

பாக்கியலட்சுமி: எட்டு மாசமாவா?

சலேத்தம்மா: அவரு ரயில்வே ஒர்க்ஷாப்புல சம்மட்டி ஆளுங்க. விடிஞ்சு போனா பொழுது சாயத்தான் வருவாரு. கைகால் கழுவி, காப்பித்தண்ணியக் குடிச்சுட்டு, மேஸ்திரி படிச்சுப் போட்ட கன்னடப் பேப்பரப் பிரிச்சு வச்சு எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. கண்ணாலம் ஆன நாளா இதே பழக்கம். பதினோரு வருசம்... நெருப்புகிட்ட நின்னு கண்ணு செவந்து வர்றாரே, ஒரு நாளு நாம படிச்சுக் காட்டி அசத்திரலாம்னுதான் உங்க கிளாசுக்கே வந்தனுங்க.

பாக்கியலட்சுமி: அப்ப அசத்துங்க. இன்னிக்கவிட நல்ல நாளு...

சலேத்தம்மா: இருங்க, சொல்லி முடிச்சர்றேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பொறவு, ஒரு நா, அவரு படிச்ச பேப்பர மக்யா நாளு காலையில எடுத்துப் பாத்தனுங்க. அவரு படிச்சது ஒண்ணுமே அதுல இல்ல.

பாக்கியலட்சுமி: இல்லேன்னா?

சலேத்தம்மா: இல்லீங்க... அவருக்கு எழுத்தே தெரியாது.

பாக்கியலட்சுமி: அப்ப இத்தன வருசமாப் படிச்சுக் காட்டினது?

சலேத்தம்மா: பொண்ணு கேட்டு வந்தப்ப, மாப்பிள்ள நாலாவது வரைக்கும் படிச்சவருன்னு மாதா கோயில் உபதேசியாரு சொல்லிப்புட்டாரு. எங்கப்பன் அத எங்கூரு மார்டள்ளி பூரா சொல்லிட்டு வந்துட்டாரு. எவரோ சொன்ன பொய்யிங்க. இவரு பதினோரு வருசமாச் சொமக்கறாரு.

பாக்கியலட்சுமி: அப்ப அந்தத் தாள்ல நீங்க எழுதினதெல்லாம்... நான் ஏதோ வேடிக்கைக்கு எழுதினீங்கன்னு நெனச்சேன்.

சலேத்தம்மா: வீட்டுல நடக்கற நெசம் ஒண்ண எழுதுங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. எழுதினேன். அதக் கொண்டாந்து சொவத்துல மாட்டுவீங்கன்னு கண்டனா.

பாக்கியலட்சுமி: சரிக்கா... ஆனா அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே. பாத்தாத்தான் என்ன?

சலேத்தம்மா: அஞ்சு மணிக்கு என்ன பண்ணப் போறீங்க?

பாக்கியலட்சுமி: அஞ்சு மணிக்கு... ஆமா. எழுதினவங்களுக்கு மைக் முன்னாடி வர வெக்கமா இருக்குன்னு, வீட்டு ஆளு ஒருத்தர் வந்து அந்தத் தாளப் படிக்கணும்னு புரொபசர்...

சலேத்தம்மா: நூறு பேத்துக்கு முன்னால, ‘அவருக்கு எழுத்துத் தெரியாது’ன்னு நான் எழுதின தாள, அவரு கையிலயே குடுத்து, படிங்கன்னு சொல்லப் போறீங்க.

பாக்கியலட்சுமி: ...எனக்குத் தோணவே இல்லக்கா.

சலேத்தம்மா: அவரு எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சுருவாருங்க. ஆனா நிக்கறவங்க அத்தன பேரும் தாளப் படிச்சவங்க. சிரிப்பாங்க. அத அவரு தாங்க மாட்டாரு. நானுந் தாங்க மாட்டேன்.

பாக்கியலட்சுமி: சரி, அழாதீங்க. நான் போயி எடுத்துர்றேன். புரொபசர் கேட்டா ஏதாவது சொல்லிக்கறேன். நீங்க அவர அந்த மூலைக்கு வராமப் பாத்துக்குங்க.

சலேத்தம்மா: புண்ணியமாப் போவுமுங்க... அதோ, சைக்கிள நிறுத்திட்டு வர்றாரு. ஓடுங்க, ஓடுங்க.

குழந்தைசாமி: ஏம்புள்ள, யாரு அது? என்னையக் கண்டதும் ஓடுது.

சலேத்தம்மா: அதுங்களா... உள்ள போறதுக்குச் சீட்டு வாங்கணுமான்னு கேட்டேன். வேண்டாமாமா. இந்த வாரம் பூரா எல்லாத்துக்கும் ஓசியாம்.

குழந்தைசாமி: ஓசின்னு கேட்டதுக்கா கண்ணு கலங்கியிருக்குது?

சலேத்தம்மா: தூசுங்க. பழைய சாமானுக இருக்கற எடமாச்சே... ஏனுங்க, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, பூசை முடிஞ்சு நிம்மதியாப் படுத்திருக்காம, இங்க வந்தே ஆவணும்னு ஏன் ஒத்தக்கால்ல நின்னீங்க?

குழந்தைசாமி: சும்மாத்தான். மைசூர்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் பாக்கலீன்னா எப்படி? வா. உள்ள போயி, அந்தக் கல்லு என்னன்னு பாப்போம்.

சலேத்தம்மா: என்ன போட்டிருக்குதுங்க?

குழந்தைசாமி: இரு. கன்னடத்துல போட்டிருக்கான். படிச்சு நம்ம பேச்சுல சொல்றேன்... ம்... ‘இந்த வீரன், ஊரு மாட்டத் தூக்கிட்டுப் போன புலியக் குத்தினான்.’

சலேத்தம்மா: பொறவு?

குழந்தைசாமி: பொறவு, பாவம்னு புலிக்கு வைத்தியம் பாத்தான்.

சலேத்தம்மா: புலிக்கா?

குழந்தைசாமி: போட்டிருக்குதே.

சலேத்தம்மா: இத்தனையும் அந்த ரெண்டு வரியிலயா போட்டிருக்குது?

குழந்தைசாமி: கன்னடம் சுருக்கமான பாசை புள்ள.

சலேத்தம்மா: அவன் செத்துப்போனான்னு எங்கயும் போடலீங்களா? கல்லு நட்டிருக்காங்களே.

குழந்தைசாமி: அதெல்லாம் ஒண்ணும் போடல. நல்லாத்தான் இருந்திருக்கான்... ஏன், வாயப் பொத்திக்கற?

சலேத்தம்மா: கொட்டாவிங்க.

குழந்தைசாமி: இந்த மணியப் பாரு. என்ன கனம்... நம்ம ஒர்க்ஷாப்புல இந்த மாதர வார்ப்பு இப்ப வராது. இந்த ஓரம் எப்படி வழவழன்னு...

சலேத்தம்மா: கைய எடுங்க, தொடக்கூடாதுன்னு...

குழந்தைசாமி: தொடக்கூடாதுன்னு?

சலேத்தம்மா: ...தோணுச்சுங்க. பழசாச்சே.

குழந்தைசாமி: உனக்கு இப்பல்லாம் நெறையாத் தோணுது.

சலேத்தம்மா: இந்த ஓலை என்னதுங்க?

குழந்தைசாமி: இதா... இது ஒரு ராசா சண்டைக்குப் போன எடத்துல இருந்து ராணிக்கு எழுதினது. ‘வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துருவேன், சோத்த மூடி வையி.’

சலேத்தம்மா: ராணி எங்கயாச்சும் சோறாக்குவாளாங்க?

குழந்தைசாமி: ராசா மேல ஆசையிருந்தா ஆக்குவா. வா, அந்தப் பக்கம் போலாம்.

சலேத்தம்மா: அங்க ஒண்ணுமில்லீங்க. வெறும் தாளு. எனக்குக் காலு வலிக்குது, வெளிய போயி மரத்தடியில ஒக்காருவோம். கடலக்காய் விக்கறான்...

குழந்தைசாமி: தாளுதான் பாக்கணும்.

சலேத்தம்மா: ஏனுங்க, சொன்னாக் கேளுங்க...

குழந்தைசாமி: சன்னலோரம், மூணாவது வரிசை... இங்க ஒண்ணு இருந்துச்சே.

சலேத்தம்மா: எ... எதுங்க?

குழந்தைசாமி: நாலு குண்டூசி மட்டும் நிக்குது. தாளக் காணோம்.

சலேத்தம்மா: யாரும் எழுதலையாட்ட இருக்குதுங்க. வாங்க போலாம்.

குழந்தைசாமி: சும்மா இரு. படிக்கறேன்.

சலேத்தம்மா: வெறுஞ்சொவத்துல என்னத்தப் படிக்கறீங்க?

குழந்தைசாமி: ‘என் பேரு சலேத்தம்மா.’

சலேத்தம்மா: இது... நான் எழுதின கன்னடமில்லீங்களா?

குழந்தைசாமி: ‘எங்க ஊரு மார்டள்ளி. என் வீட்டுக்காரர் தினமும் எனக்குப் பேப்பர் படிக்கிறார். அவர் பேப்பர்ல மார்டள்ளியில் நல்ல மழை. ராகி விலை எறங்கிக்கிட்டே வருது. யாரும் சாகறதில்ல.’

சலேத்தம்மா: போதுமுங்க...

குழந்தைசாமி: நடுவுல பேசாத, விட்டுப்போயிரும். ‘நான் எழுத்துக் கத்துக்கிட்டு அந்தப் பேப்பரப் பாத்தேன். மார்டள்ளியில மூணு வருசமா மழையே இல்லைன்னு போட்டிருக்கு. அவருக்கு எழுத்துத் தெரியாது.’

சலேத்தம்மா: அய்யோ, வேண்டாமுங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன்...

குழந்தைசாமி: ‘அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அந்தப் பேப்பர நான் அடுப்புல வச்சேன். எனக்கு அவர் பேப்பர்தான் வேணும்.’ ...அவ்வளவுதான். கீழ ஒன்ற கையெழுத்து.

சலேத்தம்மா: யாருங்க... யாரு உங்களுக்குப் படிச்சுச் சொன்னது?

குழந்தைசாமி: கூட வேலை பாக்கற தொட்டையன் சம்சாரமும் ஒன்ற கிளாசுதானே. அவன் சொன்னான். ‘என்னய்யா, உம்பொஞ்சாதி எழுதினத மியூசியத்துல மாட்டியிருக்காங்களாமே’ன்னு. ஒடம்பெல்லாம் பெருமையா ஓடி வந்தேன். வந்து பாத்தா... எனக்கு என்ன தெரியும். இங்க வாச்சரு ஒருத்தன் இருக்கான், சித்தையன்னு. மூக்குக் கண்ணாடிய மறந்துட்டேன், கொஞ்சம் படியப்பான்னேன்.

சலேத்தம்மா: உங்களுக்கு ஏதுங்க மூக்குக் கண்ணாடி?

குழந்தைசாமி: அதுவும் பழைய பொய்யிதான். படிச்சு முடிச்சுட்டு, ‘இந்தப் பொம்பள யாரு’ன்னு கேட்டான். என்ற சம்சாரம்னேன். அவன் பொறவு கண்ணாடியப் பத்தி ஒண்ணுமே கேக்கல.

சலேத்தம்மா: என்னையக் கொன்னுபோட்டிருக்கணும் நீங்க.

குழந்தைசாமி: அன்னிக்கு ஊட்டுக்கு நடந்தே வந்தேன், தெரியுமா? சைக்கிள் இங்கயே நின்னுபோச்சு. கோவமா, வெக்கமா, ஒண்ணும் வெளங்கல. ஊட்டுக்குள்ள வந்தா நீ காப்பியக் குடுத்துட்டு, ‘பேப்பரப் படிங்க’ன்னு எதுக்கால வந்து ஒக்காந்த. அன்னிக்கு நம்ம ஊருல எத்தன மழைன்னு நெனப்பு இருக்குதா?

சலேத்தம்மா: ஏரி நெரம்பி ரோடே முழுகிப்போச்சுன்னீங்க.

குழந்தைசாமி: ஆமா. அன்னிக்கு எனக்கு வேற எதுவும் வரல.

சலேத்தம்மா: அப்ப இன்னிக்கு அந்தப் புலி வைத்தியமெல்லாம்...

குழந்தைசாமி: நீ சிரிப்ப அடக்கறதப் பாக்கத்தான். பதினோரு வருசத்துல அத ஒரு நாளும் கவனிச்சதில்ல பாரு.

சலேத்தம்மா: தாள நாந்தான் எடுக்கச் சொன்னனுங்க. அஞ்சு மணிக்கு உங்களக் கூப்புட்டு...

குழந்தைசாமி: தெரியும். சித்தையன் சொன்னான்.

சலேத்தம்மா: மணி நாலே முக்கால் ஆவுது. வாங்க, இப்படியே ஊட்டுக்குப் போயிரலாம். யாருக்கும் தெரிய வேண்டாமுங்க. இந்தப் பேச்ச இனி நாம எடுக்கவே வேண்டாம்.

குழந்தைசாமி: ஓடிப்போச்சே, அந்தப் புள்ளையக் கூப்புடு. தாளத் திருப்பி மாட்டச் சொல்லு.

சலேத்தம்மா: ஏனுங்க... நூறு பேரு இருப்பாங்க. ஒர்க்ஷாப்பு ஆளுகளும் வந்திருக்காங்க. அந்த ஒரு வரியும் அதுல இருக்குதே.

குழந்தைசாமி: அத மட்டும் முழுங்கிரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். முழுங்கினா அதுவும் என்ற பேப்பர் மாதர ஆயிரும்.

சலேத்தம்மா: அவங்க சிரிச்சா?

குழந்தைசாமி: சிரிக்கட்டும். பதினோரு வருசமா ஒனக்கு இல்லாததையே படிச்சேன், சலேத்து. இன்னிக்கு ஒரு நாளாச்சும் எழுதியிருக்கறத எழுதியிருக்கற மாதரயே படிக்கோணும்னுதான், நாலு நாளா ஓவர்டைம்னு ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டு, சித்தையனப் படிக்கச் சொல்லி இந்தச் சொவத்துக்கு முன்னால நின்னு ஒரு எழுத்து விடாம கன்னடத்துலயே மனப்பாடம் பண்ணியிருக்கேன்.